வெளிப்பயணத்துக்கும் ஜிபிஎஸ் வரைபடப் பணிக்கும் சிறிய மடிக்கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

நடைப்பயணங்களுக்கும் நீண்ட வாகனப் பயணங்களுக்கும் உடன் கொண்டு செல்ல ஒரு சிறிய மடிக்கணினி வேண்டும், சென்ற பாதையை ஜிபிஎஸ் மூலம் பதிவு செய்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய மலிவான 11 அங்குல மாடல், நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த 12 அங்குல மடிக்கணினி, அடியும் தூசியும் நீரும் தாங்கும்படி செய்த பழைய ரக்டு வகை ஆகிய மூன்றில் எதை எடுப்பது என்பது உங்கள் முதல் கேள்வி. ஜிபிஎஸ் கருவி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டுமா என்பது இரண்டாவது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும்: நிறுவனத் தரத்தில் தயாரான, பயன்படுத்திய 12 அல்லது 13 அங்குல மடிக்கணினியை வாங்கி, மிச்சப்படும் பணத்தை வெளியே தனியாக இணைக்கும் ஜிபிஎஸ் ரிசீவருக்கும் கூடுதல் மின்சாரத்துக்கும் செலவிடுங்கள். இந்த வேலைக்கு உகந்த மடிக்கணினியைத் தீர்மானிப்பது பிராசஸரின் வேகம் அன்று. வெளிச்சத்தில் திரை தெரிகிறதா, மின்சாரமில்லாத இடத்தில் சார்ஜ் ஏற்ற முடிகிறதா என்ற இரண்டும்தான். விளம்பரத் தாள்களில் பிராசஸரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த இரண்டும் கடைசி வரியில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஆகவே அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் திரை. திரையின் ஒளிர்வை நிட்ஸ் என்ற அளவில் குறிப்பிடுவார்கள். மலிவான மடிக்கணினிகளில் அது 220 முதல் 250 நிட்ஸ் வரை இருக்கும். நல்ல நிறுவனத்தர மாடல்களில் 300 முதல் 400 வரை கிடைக்கும். ரக்டு வகைகளில் 800, 1000 என்று போகும். இந்த எண்கள் வெளியில் எதைக் குறிக்கின்றன என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வெளிச்சமான பகலில் மரநிழலில் சுமார் 10,000 லக்ஸ் ஒளி இருக்கும். நேரடி வெயிலில் அது 1,00,000 லக்ஸை எட்டும். பளபளப்பில்லாத ஒரு திரை தன்மேல் விழும் ஒளியில் 4 விழுக்காட்டைச் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிழலிலேயே அதன் மேல் ஏறத்தாழ 130 நிட்ஸ் அளவுக்கு ஒரு வெண்படலம் படிந்துவிடுகிறது. வெயிலில் அது 1,300 நிட்ஸ் ஆகிறது. அப்படியென்றால் 250 நிட்ஸ் திரை நிழலில் மங்கலாகவேனும் தெரியும், வெயிலில் தெரியவே தெரியாது. 400 நிட்ஸ் திரை நிழலில் வசதியாகத் தெரியும், வெயிலில் அதுவும் தோற்றுவிடும். நேரடி வெயிலிலேயே வேலை செய்தாக வேண்டியவர்களுக்கு மட்டுமே 1000 நிட்ஸ் திரை தேவை. மற்றவர்கள் 300 நிட்ஸுக்குக் குறையாத, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் வகைத் திரையை வாங்கிக்கொண்டு, நிழல் தேடி உட்காரும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டால் போதும்.

பளபளக்கும் திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். தொடுதிரை கொண்ட மாடல்களில் பெரும்பாலானவை மேலே கண்ணாடிப் பரப்பு கொண்டவை. வெளியில் திறந்தால் வரைபடத்துக்கு முன்னால் வானமும் உங்கள் முகமும்தான் தெரியும். திரையைச் சோதிக்கும்போது வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை; வெள்ளைப் பரப்பில் கறுப்பு எழுத்து எந்தத் திரையிலும் ஓரளவு தெரிந்துவிடும். மலைப்பகுதி வரைபடம் ஒன்றைத் திறந்து, இளம்பச்சைக் காட்டுப் பரப்பின் மேல் ஓடும் மெல்லிய பழுப்புநிறச் சமவுயரக் கோடுகளைப் பாருங்கள். வெளிச்சம் கூடக் கூட முதலில் மறைபவை அவைதாம். அந்தக் கோடுகளை நண்பகலில், வாசலுக்கு வெளியே நிழலில் நின்று எண்ண முடிந்தால் அந்தத் திரையை நம்பி வாங்கலாம். கறுப்புப் பின்னணியில் காட்டும் இரவுத் தோற்றம் பகல் வெளிச்சத்தில் நிலைமையை மோசமாக்கும் என்பதையும், போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்திருந்தால் சில கோணங்களில் திரை முழுவதுமே கறுத்துப்போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். திரை பழுதாகிவிட்டது என்று பதறியவர்கள் உண்டு. கண்ணாடியைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிடும்.

திரையின் உயரத்தையும் பாருங்கள். 2007 முதல் சில ஆண்டுகள் பரவலாக விற்ற நெட்புக் வகைகள் இன்று மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அளவும் எடையும் இந்த வேலைக்கென்றே செய்தவை போல இருக்கும். ஆனால் அவற்றுள் பலவற்றின் திரை 1024க்கு 600 புள்ளிகள்தான். வரைபட மென்பொருள்களில் திறக்கும் அமைப்புப் பெட்டிகள் அந்த 600 புள்ளிகளுக்குள் அடங்குவதில்லை. உறுதி செய்வதற்கான பொத்தான் திரைக்குக் கீழே மறைந்து நிற்கும். அவற்றில் இருந்த இன்டெல்லின் தொடக்ககால ஆட்டம் பிராசஸர்களில் சில 32 பிட் வகையைச் சேர்ந்தவை, 2 ஜிபிக்கு மேல் ராம் ஏற்காதவை. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் இன்றைய விண்டோஸ் பதிப்புகள் 64 பிட்டுக்கு மட்டுமே வருகின்றன. விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். இதை மணிக்கணக்கில் நினைக்காமல் வாட்-மணியில் கணக்கிடப் பழகிக்கொள்வது நல்லது. 12 அங்குல மடிக்கணினி ஒன்று மிதமான ஒளிர்வில் சாதாரண வேலைகளுக்கு 6 முதல் 8 வாட் எடுக்கும். வெளியில் திரையை முழு ஒளிர்வில் வைத்து, வரைபடத்தை நகர்த்திக்கொண்டு, யூஎஸ்பியில் ரிசீவரையும் இணைத்திருந்தால் 10 முதல் 12 வாட் வரை போகும். பேட்டரி 45 வாட்-மணி என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். தயாரிப்பாளர் 10 மணி நேரம் என்று சொல்லியிருப்பார். அது அறைக்குள், மங்கிய திரையில் எடுத்த அளவு. மூன்று நாள் பயணத்தில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் வேலை செய்வதாக இருந்தால், 10 வாட் வீதம் 90 வாட்-மணி தேவை. பேட்டரியில் 45 இருக்கிறது. மீதி 45 எங்கிருந்து வரும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மடிக்கணினி மற்றவற்றை முந்துகிறது. 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றில் உள்ள செல்கள் 3.7 வோல்ட்டைச் சேர்ந்தவை என்பதால் அதில் இருப்பது 74 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போகச் சுமார் 60 கைக்கு வரும். மேலே சொன்ன பற்றாக்குறையை அது ஒன்றே தீர்த்துவிடும். ஆனால் எல்லாப் பவர் பேங்கும் மடிக்கணினிக்கு உதவாது. பல மடிக்கணினிகள் 20 வோல்ட்டைத்தான் எதிர்பார்க்கும். கைப்பேசிக்கான வேகச் சார்ஜ் என்று விற்கப்படும் பவர் பேங்குகள் பெரும்பாலும் 9 அல்லது 12 வோல்ட்டோடு நின்றுவிடும். யூஎஸ்பி-சி வழியாகக் கூடுதல் மின்சாரம் தரும் முறையான பவர் டெலிவரி என்ற குறிப்பும், 20 வோல்ட் என்ற எண்ணும், குறைந்தது 45 வாட் என்ற அளவும் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விமானத்தில் செல்வதாக இருந்தால், 100 வாட்-மணி வரையிலான பவர் பேங்கைத் தனி அனுமதியின்றிக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். 74 வாட்-மணி அந்த எல்லைக்குள்ளேயே வருகிறது.

வாகனப் பயணத்தில் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் பவர் டெலிவரி சார்ஜரைப் பயன்படுத்துங்கள். இன்வெர்ட்டர் வைத்து 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றி, அதை மடிக்கணினியின் அடாப்டர் மீண்டும் 20 வோல்ட்டாக மாற்றுவது இரட்டை இழப்பு. இரைச்சலும் சூடும் வேறு. மடிப்புச் சூரியத் தகடுகளைப் பற்றிப் பலரும் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். 20 வாட் என்று எழுதியிருக்கும் தகடு நடைமுறையில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டித் தந்தாலே நல்ல நாள் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஓரிடத்தில் வெயிலை நோக்கி விரித்து வைத்தால்தான். நடந்துகொண்டே முதுகுப்பையில் தொங்கவிட்டால் கைப்பேசிக்குக்கூடக் கட்டுபடியாகாது. ஒரே இடத்தில் பல நாள் முகாமிட்டிருப்பவர்களுக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைப்பேன்.

கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி கொண்ட மாடல்களுக்கு என் மனத்தில் எப்போதும் தனி இடம் உண்டு. லெனோவோ திங்க்பேட் வரிசையில் எக்ஸ்240 முதல் எக்ஸ்270 வரையிலான 12.5 அங்குல மாடல்களில் உள்ளே ஒரு பேட்டரியும் வெளியே கழற்றக்கூடிய இன்னொரு பேட்டரியும் இருக்கும்; உள்பேட்டரி கணினியைத் தாங்கிக்கொண்டிருக்க, அணைக்காமலேயே வெளிப்பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். வழியோரம் நிறுத்தி, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி மாற்றிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடுத்து வந்த எக்ஸ்280இல் அந்த வசதி போய்விட்டது; அதற்கு ஈடாக எடை குறைந்தது, யூஎஸ்பி-சி சார்ஜ் நிலைத்தது, விண்டோஸ் 11 ஏற்கும் 8ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் வந்தது. ஆனால் அதில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னர் கூட்ட முடியாது. டெல் லாட்டிட்யூட் 7290, எச்பி எலைட்புக் 830 ஜி5 போன்றவையும் இதே காலத்தவை. அவற்றில் ராமை மாற்றலாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனாலேயே 7ஆம் தலைமுறை வரையிலான மடிக்கணினிகளின் விலை இறங்கியிருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்தத் தயங்காதவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. கியூஜிஐஎஸ், வைக்கிங், ஜிபிஎக்ஸ்சீ, ஜிபிஎஸ்பேபல், ஜேஓஎஸ்எம் போன்ற வரைபட, ஜிபிஎஸ் மென்பொருள்கள் எல்லாம் லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. கார்மின் கருவியும் அதன் பேஸ்கேம்ப் மென்பொருளும்தான் உங்களுக்குப் பழக்கம் என்றால், விண்டோஸோ மேக்கோ தேவைப்படும். அப்போது 8ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். பிராசஸரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ராம் 8 ஜிபி இருக்கட்டும். குரோம்புக், ஆர்ம் பிராசஸர் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி ஆகிய இரண்டையும் மற்ற எல்லாச் சிறப்புகளையும் மீறித் தவிர்க்கச் சொல்வேன். பழைய ஜிபிஎஸ் கருவிகளின் டிரைவர்கள் அவற்றில் ஏறாமல் போகும் வாய்ப்பு அதிகம், அதைக் காட்டுக்குள் போய்க் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

சேமிப்புக்கு எஸ்எஸ்டி கட்டாயம். ஹார்டு டிஸ்கில், சுழலும் தட்டின் மேல் மிக மெல்லிய காற்றுப்படலத்தில் மிதந்தபடிதான் அதன் முனை படிக்கிறது. கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கும்போது அது தட்டில் மோதும் அபாயம் உண்டு. காற்று மெலிந்த உயரங்களில் அந்தப் படலமும் மெலியும் என்பதால் பெரும்பாலான ஹார்டு டிஸ்குகளுக்கு இயங்கும் உயர வரம்பாகச் சுமார் 3,000 மீட்டரைத் தயாரிப்பாளர்களே குறித்திருக்கிறார்கள். எஸ்எஸ்டிக்கு இந்தக் கவலைகள் கிடையாது. மலிவான புதிய 11 அங்குல மாடல்களில் பல, 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்போடு வருகின்றன. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் எடுத்துக்கொண்டது போக வரைபடங்களுக்கு இடமே இருக்காது. பற்றவைக்கப்பட்ட சில்லு என்பதால் பின்னால் மாற்றவும் முடியாது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இணைய வரைபடங்கள் சதுரத் துண்டுகளாக அடுக்கப்பட்டவை. பெரிதாக்கும் நிலை ஒன்று கூடும்போதெல்லாம் துண்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். 15ஆம் நிலையில் ஒரு துண்டின் பக்கம் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 1.22 கிலோமீட்டர். 100 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட பகுதிக்கு அந்த நிலையில் சுமார் 6,700 துண்டுகள் போதும். 17ஆம் நிலைக்குச் சென்றால் 1,07,000 துண்டுகள் வேண்டும். ஒரு துண்டு 20 கிலோபைட் என்றாலும் 2 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. செயற்கைக்கோள் படமாக இருந்தால் இன்னும் கூடும். யாரும் பயன்படுத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சர்வர்களிலிருந்து இப்படி மொத்தமாகத் துண்டுகளை இறக்குவதற்கு அனுமதியில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தன்னார்வலர்களின் நன்கொடையில் ஓடும் சேவை அது. அதன் தரவை வெக்டர் வடிவில், அதாவது படமாக இல்லாமல் புள்ளிகளும் கோடுகளுமாக, கோப்பாகத் தருவதற்கென்றே உள்ள சேவைகளிலிருந்து எடுப்பதுதான் முறை. அளவும் மிகக் குறைவாக இருக்கும். உயரத் தரவைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் கொண்ட கோப்பு 26 எம்பிதான். அதைக்கொண்டு சமவுயரக் கோடுகளை நீங்களே கியூஜிஐஎஸ்ஸில் உருவாக்கிக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளமாகப் போதும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மடிக்கணினிக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். விண்டோஸில் இருப்பிடம் என்ற வசதி இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே ஜிபிஎஸ் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் அது சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளின் அடையாளங்களை இணையத்துக்கு அனுப்பி இடத்தை ஊகித்துச் சொல்லும் வசதிதான். வைஃபையும் இணையமும் இல்லாத காட்டில் அது எதையும் சொல்லாது. சிம் கார்டு போடும் மோடம் உள்ள சில நிறுவனத்தர மாடல்களில் உண்மையான ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் அதன் ஆன்டெனா மூடியின் ஓரத்தில் எங்கோ புதைந்திருக்கும். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை தரைக்கு வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். மடிக்கணினியின் மின்சுற்றுகள் எழுப்பும் இரைச்சலுக்கு நடுவே, வாகனத்தின் உலோகக் கூரைக்கும் கீழே, அதைப் பிடிப்பது கடினம்.

கேபிளோடு வரும் யூஎஸ்பி ரிசீவர் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்க்கிறது. அடியில் காந்தம் உள்ளதை வாகனக் கூரையில் ஒட்டவைத்து, கேபிளைக் கதவின் ரப்பர் விளிம்பு வழியாக உள்ளே எடுத்துவிட்டால், வானம் முழுவதும் அதற்குத் திறந்திருக்கும். திறந்தவெளியில் 3 முதல் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும். கேபிள் இல்லாமல் போர்ட்டிலேயே செருகும் கட்டைவிரல் அளவு ரிசீவரை வாங்க வேண்டாம். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது என் முழங்கால் பட்டு அது வளைந்தது. ரிசீவர் போனது போகட்டும், கூடவே மடிக்கணினியின் யூஎஸ்பி போர்ட்டும் ஆடத் தொடங்கிவிட்டது.

உள்ளே உள்ள சிப்பைக் கேட்டு வாங்குங்கள். யூ-பிளாக்ஸ் 7 சிப் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோள் அமைப்பை மட்டுமே பயன்படுத்தும். அதே நிறுவனத்தின் எம்8, எம்10 சிப்புகள் ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே நேரத்தில் பயன்படுத்தும். திறந்தவெளியில் இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இருபுறமும் மலை எழுந்து, நடுவே ஒரு கீற்று வானம் மட்டும் தெரியும் பள்ளத்தாக்கில்தான் தெரியும். இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் வேண்டும். ஒரே அமைப்பை நம்பியிருந்தால் அந்தக் கீற்றுக்குள் நான்கு அகப்படாமல் போகலாம். மிகப் பழைய ரிசீவர்களில் இன்னொரு குறையும் உண்டு. ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை 1024 வரை எண்ணி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6ஆம் தேதி. அதைக் கையாளத் தெரியாத பழைய சிப்புகள் இடத்தைச் சரியாகவும் தேதியை மட்டும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் பின்னுக்கும் காட்டும். எடுத்த புகைப்படங்களை நேரத்தை வைத்துப் பாதையோடு பொருத்த முயலும்போது ஒன்றுகூடப் பொருந்தாது. பயன்படுத்திய ரிசீவரை வாங்கும்போது தேதியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விண்டோஸில் இந்த ரிசீவர் ஒரு சீரியல் போர்ட்டாகத் தோன்றி, வினாடிக்கு ஒருமுறை என்எம்இஏ 0183 என்ற வடிவில் தகவலைக் கொட்டிக்கொண்டிருக்கும். கணினி தொடங்கும்போதே ரிசீவர் செருகியிருந்தால், அந்தத் தகவலைப் பழைய காலத்து சீரியல் மவுஸ் அனுப்புவதாக விண்டோஸ் தவறாக எண்ணிக்கொள்வதுண்டு. அம்புக்குறி திரையில் தானாகவே துள்ளித் திரியும், கண்ட இடத்தில் சொடுக்கும். வைரஸ் புகுந்துவிட்டது என்றே முதலில் தோன்றும். டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலுக்குள் புதிதாக முளைத்திருக்கும் சீரியல் மவுஸை முடக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். ரிசீவரை அகற்ற வேண்டியதில்லை. ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பயன்படுத்த முடியும் என்பதையும் கவனியுங்கள். லினக்ஸில் ஜிபிஎஸ்டி என்ற சேவை நடுவில் இருந்து பல மென்பொருள்களுக்கும் பகிர்ந்தளிக்கும்.

இவ்வளவும் வாகனப் பயணத்துக்குப் பொருந்தும். நடைப்பயணத்தில் மடிக்கணினியைக்கொண்டு பாதையைப் பதிவு செய்ய முயல வேண்டாம் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன். முதுகுப்பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குக் காற்று கிடைக்காது, சூடாகும், பேட்டரி வீணாகும். அந்த வேலையைக் கைப்பேசியிடமோ, கார்மின் இட்ரெக்ஸ் போன்ற கைக்கருவியிடமோ விட்டுவிடுங்கள். இட்ரெக்ஸ் வரிசையின் பல மாடல்கள் இரண்டு ஏஏ பேட்டரிகளில் 25 மணி நேரம் வரை ஓடக்கூடியவை. மாலையில் முகாமில் பாதை பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பை மடிக்கணினிக்கு மாற்றி, தவறிய புள்ளிகளை நீக்கி, ஓடையும் ஒற்றையடிப்பாதையும் பிரியும் இடங்களைக் குறித்து, மறுநாளுக்கான பாதையை வரைந்து மீண்டும் கருவியில் ஏற்றுவதுதான் மடிக்கணினியின் வேலை. சிறிய திரையில் விரலால் செய்ய முடியாத வேலை அது. அதற்காகத்தான் ஒன்றரைக் கிலோவைச் சுமக்கிறோம்.

ரக்டு வகையைப் பற்றி. பானசோனிக் டஃப்புக், கெடாக் போன்றவை உண்மையிலேயே உறுதியானவை. பழையவை கட்டுபடியாகும் விலைக்குக் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் டஃப்புக் சிஎஃப்-19 போன்ற 10.4 அங்குலக் கருவியே 2 கிலோவைத் தாண்டுகிறது. அதன் திரை 1024க்கு 768 புள்ளிகள். உதிரி பேட்டரி கிடைத்தாலும் அது பழையதா புதியதா என்ற உறுதி இருக்காது. திறந்த வாகனம், படகு, இருசக்கர வண்டி என்று மழையும் தூசியும் நேரடியாகத் தாக்கும் பயணமாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். மூடிய வாகனத்துக்கும் கூடாரத்துக்கும் நீர்புகாப் பையில் வைத்த சாதாரண நிறுவனத்தர மடிக்கணினி போதும். ராணுவத் தரச் சோதனையில் தேறியது என்று சாதாரண மடிக்கணினிகளின் மேலும் எழுதியிருப்பார்கள். மில்-எஸ்டிடி-810 என்ற அந்தத் தரம் பல சோதனைமுறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனைகளை, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். அந்த முத்திரை இருப்பதால் மழையில் நனைக்கலாம் என்று பொருளில்லை. நீருக்கும் தூசிக்கும் ஐபி65 போன்ற எண்ணைத்தான் தேட வேண்டும்.

குளிர்ப்பகுதிக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். லித்தியம்-அயன் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே பயன்படுத்தினால் திறன் குறையும், சூடேறியதும் மீண்டுவிடும். ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகவே கெட்டுப்போகும். இரவில் பேட்டரியையும் பவர் பேங்கையும் உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தவுடன் மடிக்கணினியைத் திறக்காமல், மூடிய பையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள்; இல்லையென்றால் உள்ளே நீர்த்துளி பூக்கும்.

பயன்படுத்திய மடிக்கணினியை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் அசல் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இந்த இரண்டு எண்களையும் காட்டும் வசதி இருக்கிறது. முக்கால் பங்குக்குக் கீழே போயிருந்தால் புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். பிறகு திரையின் கீலை அசைத்துப் பாருங்கள். வண்டி ஓடும்போது திரை தானாகச் சாயக் கூடாது. கீபோர்டுக்கு நடுவே பாயிண்டர் குச்சி உள்ள மாடலாக இருந்தால் கூடுதல் நன்மை. ஈர விரலுக்கும் மழைத்துளிக்கும் டச்பேட் தடுமாறும், குச்சி தடுமாறாது. குலுங்கும் வண்டியில் வரைபடத்தின் மேல் ஒரு புள்ளியைக் குறிவைக்க அதைவிட வசதியானது வேறில்லை.

புதிய 11 அங்குல மாடலை அடியோடு ஒதுக்கவும் நான் சொல்லவில்லை. 8 ஜிபி ராம், மாற்றக்கூடிய எஸ்எஸ்டி, யூஎஸ்பி-சி சார்ஜ் ஆகிய மூன்றும் சேர்ந்து, இன்டெல் என்100 போன்ற 6 வாட் பிராசஸரோடு விசிறியில்லாமல் வரும் மாடல் கிடைத்தால், தூசி புகும் வழி குறைவு, மின்சாரச் செலவும் குறைவு என்ற இரு காரணங்களால் அது நல்ல மாற்றுதான். திரை எத்தனை நிட்ஸ் என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள்.

எதை வாங்கினாலும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக முழு ஒத்திகை ஒன்று தேவை. மூடியை மூடினால் எதுவும் செய்யக் கூடாது என்று அமைத்து, தானாக உறங்கும் வசதியையும், யூஎஸ்பியை இடைநிறுத்தும் மின்சேமிப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒருமுறை கிளம்பினேன். தூசிக்குப் பயந்து வழியில் மூடியைச் சாத்தியிருக்கிறேன். இரவு கோப்பைத் திறந்தபோது, இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறிய மலைப்பாதை, அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரே நேர்க்கோடாகக் கிடந்தது. அந்தப் பாதைக்கு மறுபடி செல்ல எனக்கு வாய்க்கவில்லை. ஆகவே வைஃபையை அணைத்துவிட்டு, வரைபடங்கள் இணையமில்லாமல் திறக்கின்றனவா என்று பாருங்கள். ரிசீவரை வாகனத்தின் கூரையில் வைத்து, மூடியைச் சாத்தியபடி ஒரு மணி நேரம் சுற்றி வாருங்கள். வினாடிக்கு ஒரு புள்ளி வீதம் அந்தக் கோப்பில் ஏறத்தாழ 3,600 புள்ளிகள் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எந்த அமைப்பு விடுபட்டது என்று வீட்டிலேயே தேடிச் சரிசெய்துகொண்டு, கோப்பை ஒரு மெமரி கார்டிலும் நகலெடுத்து அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பயணத்தின் ஒவ்வோர் இரவும் செய்ய வேண்டியது அதுதான்.